காலையில் சுவர், மத்தியானம் வடகம்

பொண்ணு பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்தார். சரி, ஒரு நாளைக்குப் பெரிய இடமாகப் போவோம் என்று பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு ஓட்டலுக்கு நாலு பேரும் போனோம். புதுச்சேரியில் இருபது வருஷமாக இருக்கிறோம். அந்தத் தெருக்களில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுவரை இரண்டு தடவைதான் இருக்கும்.

மெனு கார்டில் 'வடுவான் இறால்' என்று ஒன்று இருந்தது. பெயர் புதிதாக இருக்கிறதே என்று பொண்ணு அதைச் சொன்னாள். வந்தது எட்டு இறால், மஞ்சளாகக் கொஞ்சம் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு நீள ரொட்டி. அத்தை முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏண்டி, இது நம்ம வடகம் இல்ல?"

"அம்மா, மெதுவா" என்றாள் என் மனைவி.

"வடகம்தான். கொஞ்சம் கருக விட்டுட்டான்."

பரிமாறிய பையன் பக்கத்தில் வந்து, அது பிரான்சில் பிரபலமான ஒரு மசாலா என்று பணிவாக விளக்கினான். அத்தையும் அதே பணிவோடு "அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டார். பில் நாலாயிரத்து நூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தை சொன்னதுதான் சரி. வடகம் என்ற நம் சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் வடுவான் ஆகியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து போன சரக்கு. சின்ன வெங்காயமும் பூண்டும் கடுகும் வெந்தயமும் சேர்த்து இடித்து, சித்திரை வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி வைக்கும் தாளிப்பு வடகம். மீன் குழம்பு கொதித்ததும் மேலே தாளித்துக் கொட்டுவோமே, அதேதான். அது கப்பலேறிப் போய், பட்டரும் கிரீமும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து எங்களிடம் நாலாயிரம் ரூபாய் வாங்கிவிட்டது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்து வரும்போது, ரோமன் ரோலண்ட் வீதிக்குக் குறுக்கே போகும் ஒரு சந்தில் பொண்ணு நின்றுவிட்டாள். மொட்டைச் சுவரில் ஒரு கதவு வரைந்திருந்தார்கள். நீலக் கதவு, பாதி திறந்த மாதிரி, உள்ளே ஒரு நாற்காலியின் கால் மட்டும் தெரிகிற மாதிரி. அத்தை கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தார். "தாழ்ப்பாள்ல துருகூட போட்டிருக்கான் பாரு" என்றார். சாப்பாட்டைப் பற்றிப் பேசியதைவிட அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் வழியெல்லாம் பேசினோம்.

அந்த மாதமே ஒரு பழக்கம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பக்கம் சுவர் பார்க்கப் போவது, திரும்பி வந்து ஓட்டலில் சாப்பிட நினைத்ததை வீட்டிலேயே செய்வது. ஆறு நாள் மனைவி சமைக்கிறாள், ஞாயிறு என் பொறுப்பு. மூன்று வருஷம் ஆகிறது. நடுவில் நிறையச் சொதப்பியிருக்கிறேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் சொதப்பல் நேரம். முதல் ஞாயிறு, சாவகாசமாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்குக் கிளம்பினோம். மே மாதம். டூமாஸ் வீதி பாதி தாண்டுவதற்குள் பொண்ணுக்குத் தலைவலி. வெள்ளைச் சுவரிலும் மஞ்சள் சுவரிலும் வெயில் பட்டுத் திருப்பி அடிக்கிறது. எடுத்த படங்களில் ஒன்றுகூட உருப்படியில்லை. ஒரு பாதி வெளுத்துப்போய், மறு பாதி மரநிழல் விழுந்து கறுப்பாக. வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. அதற்குமேல் எங்கே சமைப்பது? பக்கத்து மெஸ்ஸில் பார்சல் வாங்கிச் சாப்பிட்டுத் தூங்கினோம்.

இப்போது ஆறு மணிக்கெல்லாம் தெருவில் இருப்போம். ஒயிட் டவுன் தெருக்கள் கோடு போட்டது போல நேரானவை. கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காகச் சில, கடலை நோக்கிக் கிழக்கு மேற்காகச் சில. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிழக்குப் பார்த்த சுவர்களில் காலையில் வெளிச்சம் விழும், அவற்றை ஏழரை மணிக்குள் பார்த்துவிட வேண்டும். மேற்குப் பார்த்தவை அப்போது நிழலில் இருக்கும். நிழல் சீராக இருப்பதால் படம் எடுக்க உண்மையில் அவைதான் வசதி. நேர் வெயிலும் நிழலும் கலந்து விழும் சுவரை விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். அதனால் பாரதி பூங்கா பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. ஆயி மண்டபத்தை ஒரு சுற்று, அப்புறம் கடல்வரை போய் காந்தி சிலை, திரும்பும்போது உள் தெருக்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம்.

தெரு ஓவியம் என்றால் பெரிய பெரிய சுவர்ப் படங்கள்தான் என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சிறகு வரைந்து நடுவில் ஆள் நின்று போட்டோ எடுக்கிற சுவர் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. எனக்கு அது நாலாவது தடவையிலேயே சலித்துவிட்டது. பொண்ணு இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் கண் பழகப் பழக வேறு பலதும் தெரிய ஆரம்பிக்கும். தெருமுனையில் நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப்பெயர். மீன்பாடி வண்டியின் பின்பலகையில் இரண்டு மயில். சைக்கிள் கடைக் கதவில் கையால் எழுதிய 'பஞ்சர்', அதில் 'ப'வின் அடிக்கோடு மட்டும் சக்கரம் மாதிரி வளைந்திருக்கும். வைத்திக்குப்பத்தில் கரையேற்றிய படகுகளின் முகப்பில் கண், அம்மன், அந்த வீட்டுப் பேரக்குழந்தையின் பெயர். மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் இடம் அது. அந்தச் சமயத்தில் சில படகுகளுக்குப் புது வர்ணமும் ஏறியிருக்கும். என் கணக்கில் இந்த ஊரின் நல்ல ஓவியங்களில் பாதி அங்கே மணலில்தான் கிடக்கிறது. வலை பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிட்டே போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கேட்காமல் படகில் ஏறி நின்று படம் எடுத்தால் நிச்சயம் திட்டு விழும். எங்களுக்கு விழுந்தது.

நாங்கள் இருப்பது முத்தியால்பேட்டை. மார்கழியில் எங்கேயும் போக வேண்டாம், தெருவில் இறங்கினால் போதும். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆயா இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். அவர் வாசலில் தினமும் சிக்குக் கோலம். ஒரு நாள் ஐந்தரை மணிக்கே போய் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. நடு வரிசை முதலில், பிறகு மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும் இடத்திலிருந்து மாவு இழை இழையாக இறங்குகிறது. கை தரையைத் தொடவே இல்லை. கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே வந்து ஒட்ட வேண்டும். நடுவில் என் பொண்ணு "ஆயா, இது எத்தனை இழை?" என்று கேட்டுவிட்டாள். ஆயா நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், திரும்ப நிமிர்ந்தார். "எந்தப் பக்கம் வந்தேன்னு மறந்துட்டேன் போ" என்றார். பாதியை அழித்துவிட்டு மறுபடி போட்டார். கோலம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான். பூசணிப் பூ வைத்த பிறகு பேசலாம், படமும் எடுக்கலாம். எட்டு மணிக்குப் போனால் பால்காரர் வண்டி ஏறி முக்கால்வாசி போயிருக்கும்.

சுவரில் வரைபவர்களோடு பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கோட்டக்குப்பம் போகும் வழியில் ஒரு பழைய கிடங்குச் சுவரில் ஒருவர் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று ஞாயிறு தொடர்ந்து போனோம். முதல் வாரம் சுவர் முழுக்கக் கம்பியால் சுரண்டி, பிரைமர் அடித்திருந்தார். இரண்டாம் வாரம் கட்டம். ஒரு முழ அகலத்துக்கு ஒன்று என்று நூலில் காவிப் பொடி தோய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். சுவரில் 'பட்' என்று ஒரு நேர்கோடு விழுந்தது. கையில் இருந்த சின்ன படத்திலும் பேனாவால் அதே கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை அப்படியே பெரிதாக்கினால் போதும், எவ்வளவு பெரிய சுவரானாலும் முகம் கோணாது என்றார். வர்ணமும் டப்பா டப்பாவாக வாங்குவதில்லை. வெள்ளை எமல்ஷன் ஒரு வாளி, ஏழெட்டுச் சின்ன பாட்டில் ஸ்டெயினர். அதிலிருந்தே அத்தனை நிறமும். மீன் கூடையோடு நிற்கும் ஒரு பெண், பின்னால் இரண்டு படகு. அதுதான் படம்.

ஆனால் படம் தரையிலிருந்து இரண்டடி விட்டுத்தான் ஆரம்பித்தது. கீழே வெறும் காவிப் பட்டை.

"ஏன் அண்ணே, கீழ விட்டுட்டீங்க?"

"அங்க எது வரைஞ்சாலும் ஆறு மாசம்தான் சார். ஓதம் ஏறிடும். காவின்னா உரிஞ்சா திரும்ப அடிச்சிக்கலாம். அந்தம்மா காலை திரும்ப வரைய முடியுமா?"

கடலோர ஊர்களில் சுவர்கள் இப்படித்தான் போகின்றன. தரை ஈரம் சுவருக்குள் மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. மேல்பரப்பில் ஈரம் காய்ந்துவிடுகிறது, உப்பு மட்டும் தங்கிப் பூத்து, பூச்சையும் வர்ணத்தையும் உள்ளிருந்து தள்ளுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், கொஞ்சம் தாங்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து அடைத்துவிட்டால் தோல் உரிவது போலத் தகடு தகடாக வரும். இதைக் கேட்டபிறகு, ஒரு சுவர்ப்படம் பிடித்திருந்தால் 'அடுத்த தடவை வந்து நிதானமாகப் பார்ப்போம்' என்று நாங்கள் சொல்வதே இல்லை. ஒரு மழைக்காலம் தாண்டினால் பாதி இருக்காது.

இனி அடுப்படிக்கு வருகிறேன்.

காலை ஆறு மணிக்குத் தெருவில் இருந்துவிட்டு ஒரு மணிக்கு ஓட்டல் மாதிரி சாப்பாடு வேண்டுமென்றால் சனி ராத்திரியே பாதி சமையல் முடிந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. ஓட்டலில் நாம் கேட்ட பத்தாவது நிமிஷம் தட்டு வருகிறது என்றால், காலையிலேயே வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்து, அண்டாவில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கை மணமெல்லாம் அப்புறம். நானும் சனி ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே இரண்டு வெங்காயம், நாலு தக்காளி, ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி முந்திரி, இதை மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து, ஆறியதும் அரைத்து, வடிகட்டிப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். வடிகட்டுவதை நானும் முதலில் சோம்பலில் விட்டேன். தக்காளித் தோலும் விதையும் நாக்கில் தட்டினால் அது வீட்டுக் குழம்பு, தட்டாமல் வழவழவென்று போனால் அது ஓட்டல் கிரேவி. வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சல்லடைதான்.

முந்திரிக்கு முழுப் பருப்பு வாங்காதீர்கள். நமக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறது. உடைந்த முந்திரி முழுசைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அரைக்கப் போவதற்கு எதற்கு முழுசு? அத்தை கடலூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கிலோ கொண்டுவந்துவிடுவார், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தனுப்புவார்.

பன்னீர் பட்டர் மசாலா என்றால், ஞாயிறு மத்தியானம் இரண்டு ஸ்பூன் பட்டரில் காஷ்மீரி மிளகாய்த்தூளைச் சிம்மில் ஒரு நொடி விட்டு, உடனே அந்த விழுதைக் கொட்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை விட வேண்டும். பன்னீரை அதற்குள் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், பொரிக்க வேண்டாம். கடைசியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, கையில் கசக்கிய கசூரி மேத்தி, அடுப்பை அணைத்த பிறகு கிரீம். ஒரு தடவை அவசரத்தில் கொதிக்கும்போதே கிரீமை ஊற்றி, மொத்தமும் திரிதிரியாகத் திரிந்துபோனது. பொண்ணு அதைக் கரண்டியில் எடுத்துக் காட்டி, "அப்பா, சுவர்ல உப்பு பூத்த மாதிரி இருக்கு" என்றாள். சாப்பிட்டோம், வேறென்ன செய்வது.

பிரைடு ரைஸ் எனக்கு ஒரு வருஷம் வரவில்லை. சூடான சோற்றைப் போட்டால் களி. ஆறவைத்துப் போட்டாலும் தெருவோரக் கடையின் அந்தப் புகை வாசனை வரவே வராது. அப்புறம் ஒரு சாயங்காலம், ஒரு தள்ளுவண்டிக் கடையின் பக்கத்தில் நின்று கவனித்தேன். அவர் அடுப்பு என் அடுப்பைவிடப் பல மடங்கு சீறுகிறது. அப்படியிருந்தும் ஒரு தடவைக்கு ஒன்றரைத் தட்டுக்கு மேல் அவர் போடுவதே இல்லை. நானோ வீட்டு அடுப்பில் நாலு பேருக்கு ஒரே வாணலியில் கொட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சோறும் காயும் விழுந்தால் வாணலி குளிர்ந்துவிடும், வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். இப்போது சனி ராத்திரியே சோற்றை முக்கால் பதத்தில் வடித்து, தட்டில் பரப்பி ஆறவைத்துப் பிரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் இரும்பு வாணலியைப் புகை வரும்வரை காயவைத்து, ஓர் ஆளுக்கு மட்டும் போட்டு, மூன்று நிமிஷத்தில் இறக்கி, அடுத்த ஆளுக்கு. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது, அது ஒன்றுதான் குறை. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள், கடை மாதிரியே.

பரோட்டாவை மட்டும் வீட்டில் செய்யப் போகாதீர்கள். நான் செய்தேன். மைதாவை வீச முயன்று மிக்ஸி மேல் விழுந்தது, ஜன்னல் கம்பியில் தொங்கியது, நாலு மணி நேரம் போனது. வந்தது சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. தெருமுனையில் ஓர் அண்ணன் இருபது வருஷமாக வீசிக்கொண்டிருக்கிறார், அவரிடம் சூடாகப் பத்து வாங்கிக்கொண்டு, சால்னாவை மட்டும் வீட்டில் வையுங்கள். சோம்பு, கல்பாசி, தேங்காய், கசகசா. காசை மிச்சப்படுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் வீட்டில் செய்யப் போனால் ஞாயிற்றுக்கிழமையே மிஞ்சாது.

டிபன் சாம்பாரில் ஒரே ஒரு சங்கதி சொல்கிறேன். துவரம்பருப்போடு பாதிக்குப் பாதி பாசிப்பருப்பும், ஒரு துண்டு பரங்கிக்காயும் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். அந்த இனிப்பும் வழவழப்பும் அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியில் வடுவான். நாலாயிரம் ரூபாய்க் கணக்கைத் தீர்க்காமல் விடுவதா? அத்தை போட்ட வடக உருண்டையில் பாதியைக் கையால் உதிர்த்துக்கொள்வேன். மணிக்கூண்டுப் பக்கம் காலையிலேயே வாங்கி உரித்த இறால் அரைக் கிலோ. உரிக்கும்போது முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் மஞ்சளும் உப்பும் பிசறி வைப்பது. வாணலியில் இரண்டு ஸ்பூன் பட்டர், கூடவே ஒரு ஸ்பூன் எண்ணெய். தீயைக் குறைத்துவிட்டு வடகத்தைப் போட வேண்டும். காய்ந்த வெங்காயமல்லவா, கண் இமைப்பதற்குள் கறுத்துவிடும், கறுத்தால் கசப்பு. அந்த ஓட்டல்காரர் தப்பவிட்ட இடம் இதுதான். வாசனை கிளம்பியதும் ஒரு வெங்காயம் பொடியாக நறுக்கியது, அது வதங்கியதும் இறால், கொஞ்சம் மிளகுத்தூள். மூன்று நாலு நிமிஷம். இறால் பிறை போல வளைந்தால் பதம். வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர், அதற்கப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. கிரீமுக்குப் பதில் அரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, சூடேறியதும் அணைத்து, எலுமிச்சை பிழிந்துவிடுவேன். தொட்டுக்கொள்ள பேக்கரியில் வாங்கிய நீள ரொட்டி. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதல் தடவை செய்தபோது அத்தை வந்திருந்தார். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாப்ள. ஆனா எறாவை இவ்ளோ வீணாக்கி இதுல போடணுமா, கத்திரிக்கா போட்டாகூட இப்படித்தான் இருக்கும்" என்றார். கத்திரிக்காய் போட்டும் செய்து பார்த்தோம். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை.

வடகம் கடையில் வாங்கலாம், கிடைக்கிறது. ஆனால் சிலவற்றில் வெங்காயம் குறைவு, உளுந்துதான் தூக்கல். அத்தை கணக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு நூறு கிராம் பூண்டு, நூறு உளுந்து, கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயம் அதிலும் பாதி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு. ஒன்றிரண்டாக இடித்துப் பிசறி ஒரு ராத்திரி மூடிவைத்து, மறுநாளிலிருந்து தினமும் வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்பப் பிசைந்து உருட்டி, பத்து நாளாவது. ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். போன வருஷம் நான் ஏழாவது நாளே அவசரப்பட்டு டப்பாவில் போட்டு, ஆடியில் திறந்து பார்த்து மொத்தத்தையும் கொட்டினேன். அத்தைக்கு அது இன்னும் தெரியாது.

செலவைப் பொறுத்தவரை, மாதத்துக்கு மூன்று தடவை வெளியே சாப்பிட்டது இப்போது ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றும் பெரும்பாலும் என்னால் வீட்டில் செய்ய முடியாதது எதுவோ அதற்குத்தான். தந்தூரி மாதிரி. நடந்ததில் என் எடையும் குறையும் என்று நினைத்தேன், பட்டர் அதைப் பார்த்துக்கொண்டது.

அந்தக் கிடங்குச் சுவர் இரண்டு மழைக்காலம் நின்றது. ஓவியர் சொன்னது போலவே கீழே காவிப் பட்டை மட்டும் உரிந்தது, மீன்காரம்மா அப்படியே இருந்தார். பிறகு ஒரு ஞாயிறு போனபோது சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் இடம் பிடித்து எழுதிவைத்திருந்தார்கள். பொண்ணு ஒன்றும் பேசவில்லை. வண்டியைத் திருப்பினோம்.

போன கார்த்திகையில் ஒரு தூறல் காலையில் அந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் முதுகைத் தட்டினாள். "அப்பா, நிறுத்து நிறுத்து." சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், காய்ந்தால் திரும்ப வெள்ளை. நனைந்த சுவரில் முதலில் கூடையின் விளிம்பு தெரிந்தது, அப்புறம் கை, அப்புறம் புடவையின் சிவப்பு. குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புறம் நின்றோம். மனைவியிடமிருந்து போன் வந்தது, சோற்றைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்கவா என்று. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன், மழை விடவில்லை.